மேலே போன பல்

என் பேத்தி யாழினியின் மேல்வரிசை முன்பல் ஒன்று காணாமல் போனது, அவளுடைய அப்பா வாங்கிய புதுக் காருக்குக் கிள்ளான் கோயிலில் பூசை போட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். விபத்தில்லாமல் ஓட வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பூசை. கார் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழங்கள் நசுங்காமல் உட்கார்ந்திருந்தன. அதற்குள் விபத்து நடந்து முடிந்துவிட்டது.

அதன் பிறகு நாங்கள் பட்ட பாட்டைக் கேட்டவர்கள் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "பால் பல்லுதானே, எப்படியும் விழப்போறதுதானே." அப்படிச் சொல்லுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவர்கள் வீட்டிலும் நடக்கக் கற்றுக்கொண்டு ஓட அவசரப்படும் குழந்தைகள் இருப்பார்கள்.

நான் யாழினியின் அம்மா சுகந்தியைப் பெற்றவன். மனைவி போன பிறகு பிரிக்பீல்ட்ஸில் மகள் வீட்டோடு இருக்கிறேன். பணி ஓய்வு பெறும்வரை கோலாலம்பூரில் அரசாங்க மருத்துவமனை நிர்வாகத்தில் இருந்தேன். நோயாளி எந்த வாசலில் நுழைய வேண்டும், எந்த முகப்பில் நிற்க வேண்டும், எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் எந்தக் கதவு திறக்கும் என்பதையெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்லியே சம்பளம் வாங்கியவன். என்னைத் தெரிந்தவர்கள் யாரும் என்னோடு மருத்துவமனைக்கு வர விரும்புவதில்லை. அது நியாயம்தான்.

அன்று நடந்தது இது. குருக்கள் காருக்கு ஆரத்தி காட்டி முடித்தார். மருமகன் பிரகாஷ் தேங்காயை ஓங்கி உடைத்தான். அவன் வாழ்க்கையில் ஒரு தேங்காய் இவ்வளவு அழகாகச் சிதறியதில்லை. சில்லுகள் பறந்த திசைகளைப் பார்த்ததும் யாழினிக்கு உற்சாகம் தாங்கவில்லை. அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடினாள். இரண்டரை வயதுக் கால்கள். தரையெல்லாம் தேங்காய்த் தண்ணீர். வழுக்கிய வேகத்தில் காரின் முன்பக்கத்து பம்பரில் வாய் மோதியது.

முதலில் சத்தமே இல்லை. பெற்றவர்களுக்குத் தெரியும், அந்த மௌனம்தான் பயங்கரம். பிறகு கோயில் மணியை மிஞ்சும் அலறல்.

சம்பந்தியம்மா, அதாவது பிரகாஷின் தாயார், ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினார். தூக்கிய கையோடு மறு கையால் காரை அறைந்தார். நம் வீடுகளில் பிள்ளை விழுந்தால் தரைக்கு அடி விழும், நாற்காலிக்கு அடி விழும். இங்கே குற்றவாளி கார்.

"இந்தக் காடியா என் தங்கத்த அடிச்சிச்சு? இந்தா! இந்தா! இனிமே அடிப்பியா?"

"அம்மா, மெல்லமா... பெயிண்ட்டுமா" என்றான் பிரகாஷ்.

சுகந்தி அவனைப் பார்த்த பார்வையில் அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவன் பெயிண்ட் என்ற சொல்லை மறந்துபோனான்.

மேலுதடு கிழிந்து இரத்தம் கொட்டியது. எச்சிலோடு கலந்தால் கொஞ்ச இரத்தமும் நிறையத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருப்பதால் எந்தப் பயனும் இல்லை என்பதும் அன்று தெரிந்தது. சுத்தமான கைக்குட்டையை நனைத்து உதட்டில் அழுத்திப் பிடித்தோம். இரத்தம் அடங்கியதும் சுகந்தி உதட்டை விலக்கிப் பார்த்தாள்.

"அப்பா, பல்லு இல்லப்பா."

இரண்டு முன்பற்களில் இடதுபக்கத்துப் பல் இருந்த இடத்தில் சிவந்த ஓட்டை மட்டும் இருந்தது.

அந்த நிமிடம் முதல் நான் பொறுப்பேற்றுக்கொண்டேன். விழுந்த பல்லைக் கண்டுபிடி, வேரைத் தொடாதே, பாலில் போடு, முடிந்தால் உடனே குழியில் பொருத்து. இந்தச் சுவரொட்டியை எத்தனை சுவர்களில் ஒட்டவைத்திருக்கிறேன்! "பல்லைத் தேடுங்க!" என்று கத்தினேன். பூசைக்கு வந்திருந்த பிரகாஷின் நண்பர்கள் எல்லாரும் குனிந்தார்கள்.

தேங்காய் உடைத்த இடத்தில் ஒரு குழந்தையின் பல்லைத் தேடுவது எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தரை முழுக்க வெள்ளை வெள்ளையாகத் துண்டுகள். எங்களுடையது மட்டுமல்ல, அன்று காலையிலிருந்து அங்கே பூசை போட்ட எல்லாக் கார்களின் தேங்காயும். நாங்கள் தேட, எங்களோடு சேர்ந்து கோயில் புறாக்களும் தேடின.

"கிடைச்சிருச்சு!" என்றார் சம்பந்தியம்மா.

அவர் விரல் நுனியில் சின்னதாக, வெள்ளையாக, ஒரு முனை கூராக ஏதோ இருந்தது. அதன்மேல் இரத்தம்கூட ஒட்டியிருந்தது. அது சம்பந்தியம்மாவின் விரலில் இருந்த யாழினியின் இரத்தம் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. குருக்கள் அபிஷேகப் பாலில் கொஞ்சம் ஒரு தம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். நான் அதை அந்தப் பாலில் அலசி, பிள்ளையின் வாயைத் திறந்தேன்.

"மாமா, என்ன செய்றீங்க?" என்றான் பிரகாஷ்.

"நேரம் போனா வேரு செத்துடும் மாப்பிள்ளை. தலையப் பிடிச்சுக்குங்க."

நல்லவேளையாக யாழினிக்கு நடைமுறைகளில் நம்பிக்கை இல்லை. என் ஆள்காட்டி விரலை மீதிப் பற்களால் கவ்விக் கடித்தாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். அந்த வெள்ளைப் பொருள் மறுபடி பாலுக்குள் போனது. அதைத் தம்ளரோடு மடியில் வைத்துக்கொண்டு, புதுக் காரின் முதல் பயணமாகக் கிள்ளான் அரசாங்க மருத்துவமனைக்குப் போனோம். எலுமிச்சம்பழங்கள் அப்போதுதான் நசுங்கின.

அவசரப் பிரிவில் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். சிவப்பு உயிருக்குப் போராடுகிறவர்களுக்கு. பச்சை காத்திருக்கக் கூடியவர்களுக்கு. எங்களுக்குப் பச்சை. அது சரியான முடிவு. அந்த முடிவை எடுக்கும் முறையைப் பல பேருக்கு விளக்கியிருக்கிறேன். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தபோது அந்த நிறத்தைக் கண்டுபிடித்தவன்மேல் கோபம் கோபமாக வந்தது.

நுழைவிடத்தில் இருந்த இளைஞர் கேட்க வேண்டியதைக் கேட்டார். மயங்கி விழுந்தாளா? வாந்தி எடுத்தாளா? தூங்கித் தூங்கி விழுகிறாளா? தடுப்பூசிகள் போட்டாயிற்றா? வாயில் அடிபட்டால் முதலில் தலையைத்தான் பார்ப்பார்கள். பல் காத்திருக்கும், மூளை காத்திருக்காது. அவர் கேள்வியை முடிப்பதற்குள் நான் பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, அதே கேள்விகளை மறுபடி சுகந்தியிடம் கேட்டார். அதுவும் சரியான முறைதான்.

கடைசியில் பணியில் இருந்த பல் மருத்துவர் வந்தார். இளம் சீனர். சோர்வாக இருந்தார், ஆனால் பிள்ளையைப் பார்த்ததும் சிரித்தார். தம்ளரை நீட்டினேன். பாலில் வைத்தது யார், எப்போது வைத்தது என்பதையெல்லாம் சொன்னேன். ஒரு சின்ன இடுக்கியால் அதை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார். பிறகு முகர்ந்தும் பார்த்தார்.

"அங்கிள்," என்றார் மிகுந்த மென்மையோடு, "இது தேங்காய்."

சம்பந்தியம்மா இடுக்கியின் நுனியை எட்டிப் பார்த்தார்.

"பார்க்கப் பல்லு மாதிரிதானே இருந்திச்சு?"

"இதத் திரும்பப் பொருத்தப் பார்த்தீங்களா?" என்று கேட்டார் மருத்துவர். நான் கூரையைப் பார்த்தேன். பிரகாஷ் கைக்குட்டை சுற்றியிருந்த என் விரலைப் பார்த்தான். சுகந்திக்கு அவ்வளவு அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. தேங்காய்ச் சில்லைச் சொந்தப் பேத்தியின் ஈறில் நடப் பார்த்தவன் இந்த நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்த மருத்துவர் சொன்னதை இங்கே தெளிவாக எழுதிவிடுகிறேன். அது உண்மையான பல்லாகவே இருந்தாலும் திரும்பப் பொருத்தக் கூடாது. பாலில் போடுவதும் குழியில் பொருத்துவதும் நிரந்தரப் பற்களுக்கான முறை. பால் பல் விழுந்தால் விழுந்ததுதான். ஏனென்றால் அதன் வேருக்குப் பக்கத்திலேயே, தாடை எலும்புக்குள், நிரந்தரப் பல்லின் முளை உருவாகிக்கொண்டிருக்கிறது. பால் பல்லை மறுபடி உள்ளே தள்ளினால் அந்த முளையைக் குத்திவிடலாம், கிருமியையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். பிறகு ஆறேழு வயதில் முளைக்கும் பல்லில் கறையோ பள்ளமோ இருக்கும், கோணலாகவும் வரலாம். "பால் பல்தானே" என்பவர்கள் மறந்துவிடுவது இந்த அடுத்த பல்லை. நானும் மறந்திருந்தேன். அதுவும் எல்லாம் தெரிந்த தோரணையில்.

சரி, அப்படியானால் உண்மையான பல் எங்கே?

கோயிலில் கிடக்கலாம். விழுங்கியிருக்கலாம், அப்படியானால் கவலையில்லை, தானே வெளியே வந்துவிடும். மூச்சுக்குழாயில் போயிருந்தால்தான் ஆபத்து. மருத்துவர் இதைச் சொல்லி முடிக்கவும் யாழினி இருமவும் சரியாக இருந்தது. சுகந்தியின் முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

மார்புக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். ஈயக் கவசத்தைப் போட்டுக்கொண்டு நான்தான் பிள்ளையைப் பிடித்துக்கொண்டேன். "தாத்தா சட்ட பெருசு" என்றாள், விம்மலுக்கு நடுவே. ஒரு மருத்துவமனையில் எத்தனை விதமான அறிக்கைகள் உண்டோ அத்தனையும் என் கைவழியாகப் போயிருக்கின்றன. ஒன்றுக்காகக்கூட இப்படிக் காத்திருந்ததில்லை. படத்தில் நுரையீரல் சுத்தமாக இருந்தது. சம்பந்தியம்மா அங்கேயே முருகனுக்கு ஏதோ வேண்டிக்கொண்டார். தேங்காய் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

அடுத்து வாய்க்குள் வைத்து எடுக்கும் சின்னப் படம். அதில் அகப்பட்டது. பல் எங்கேயும் போகவில்லை. மோதிய வேகத்தில் சுவரில் ஆணி இறங்குவதுபோல, முழுசாக ஈறுக்குள்ளே, எலும்புக்குள்ளே ஏறிப்போய் உட்கார்ந்திருந்தது. நாங்கள் தரையில் தேடிய நேரமெல்லாம் அது அவள் வாயிலேயேதான் இருந்தது. பிரகாஷ் உடனே கோயிலுக்குப் போன் போட்டான். அவன் நண்பர்கள் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் பை நிறையச் சேகரித்துவிட்டார்களாம்.

நிம்மதி நீடிக்கவில்லை. மேலே ஏறிய பல் நிரந்தரப் பல்லின் முளைமேல் அழுத்திக்கொண்டிருந்தால், மயக்கமருந்து கொடுத்து அதை எடுக்க வேண்டியிருக்கலாம் என்றார் மருத்துவர். முடிவெடுக்க வேண்டியவர் குழந்தைகளுக்கான பல் நிபுணர், அவர் மறுநாள்தான் வருவார். உதடு வீங்கியிருந்ததாலும் அடி பலமானது என்பதாலும் அன்றிரவு வார்டில் வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார்கள். எடுப்பதா, விடுவதா? அந்தக் கேள்வியோடு பிள்ளையைக் கட்டிலில் போட்டோம்.

குழந்தைகள் வார்டில் தாய்க்கு மட்டும்தான் இடம். அதற்கு ஒரு மடக்கு நாற்காலி. பக்கத்துக் கட்டிலில் ஒரு மலாய்ப் பெண், காய்ச்சலில் கிடந்த மகனோடு. எதுவும் கேட்காமல் தன் தலையணைகளில் ஒன்றைச் சுகந்தியின் முதுகுக்குக் கொடுத்துவிட்டாள். நாங்கள் கிளம்பும்போது யாழினி என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பொத்தான் அவள் கையோடு வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டே தூங்கினாளாம்.

மறுநாள் காலை போனபோது கட்டிலின் தலைமாட்டில் "புவாசா" என்று அட்டை மாட்டியிருந்தார்கள். மலாயில் விரதம் என்று பொருள்; அறுவைக்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும், எதுவும் கொடுக்காதே என்று அர்த்தம். மயக்கத்தில் வாந்தி வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்பதற்காக. சம்பந்தியம்மா அட்டையைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்த வயசுல என் பேத்திக்கு விரதமாங்க?"

"ஆபரேஷன் செஞ்சாலும் செய்வாங்க, அதுக்குத்தான்."

"அப்ப நானும் சாப்பிடல. புள்ள பட்டினியா கிடக்கிறப்ப எனக்கு எப்படித் தொண்டையில இறங்கும்?"

பிரகாஷும் சாப்பிடவில்லை என்பது பிறகு தெரிந்தது. சுகந்தியும். விரதம் இருக்க வேண்டியது ஒருத்தி, இருந்தது குடும்பம். அந்த ஒருத்தியோ பாட்டில் பால் கேட்டு வார்டையே உலுக்கினாள். சம்பந்தியம்மாவுக்குச் சர்க்கரை நோய். கொஞ்ச நேரத்தில் அவர் கைகள் நடுங்குவதைப் பார்த்தேன். மாடிப்படிப் பக்கம் அழைத்துப்போய், பையில் இருந்த பிஸ்கட்டுகளை நீட்டினேன்.

"வேணாங்க. மருமக பார்த்தா என்ன நினைப்பா?"

"நீங்க மயங்கி விழுந்தா உங்களுக்கு ஒரு கட்டில் போடணும். அதுக்கும் நான்தான் அலையணும். சாப்பிடுங்க."

அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை என்னிடம் தள்ளினார். "நீங்களும் சாப்பிடலதானே? எனக்குத் தெரியும்லா." இரண்டு வீட்டுப் பெரியவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து திருட்டுத்தனமாக பிஸ்கட் தின்றோம். கல்யாணத்தன்று மண்டப வாடகை விஷயத்தில் மூண்ட சின்ன மனக்கசப்பு எங்களுக்குள் அதுவரை இருந்தது. அந்தப் படிக்கட்டில் அது கரைந்துபோனது என்று நினைக்கிறேன்.

நிபுணர் டாக்டர் தமயந்தி பந்திங் ஊர்ப் பக்கத்துத் தமிழ்ப் பெண். பல் சிகிச்சை அறைக்கு வந்ததும் அங்கிருந்த பல் நாற்காலியைப் பார்க்கவே இல்லை. இரண்டு சாதாரண நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டார்.

"யாரு மடியில நல்லா இருப்பா?"

சுகந்தி அழுதுகொண்டிருந்தாள். பிரகாஷ் இரத்தம் பார்த்தால் வெளுத்துப்போகிறவன். யாழினி என்னை நோக்கிக் கையை நீட்டினாள்.

இப்படிச் செய்வார்கள்: மருத்துவரும் வீட்டு ஆளும் முழங்காலோடு முழங்கால் இடிக்கும்படி உட்கார்ந்து, இரண்டு மடிகளையும் சேர்த்துக் கட்டிலாக்குவார்கள். பிள்ளையின் கால்கள் நம் இடுப்பின் இரண்டு பக்கமும், தலை மருத்துவரின் மடியில். பிள்ளைக்கு நம் முகம் தெரியும், மருத்துவருக்கு வாய் தெரியும். இதை ஏட்டில் படித்திருக்கிறேன். அந்தக் கட்டிலில் பாதியாக இருந்தது இதுதான் முதல் தடவை. யாழினி என்னைப் பார்த்துக்கொண்டே வாய் கிழிய அழுதாள். என் கண்ணிலும் நீர் முட்டியது.

"அழட்டும் அங்கிள். அழுதா வாய் நல்லா திறக்கும், என் வேல சுலபம்" என்றார் டாக்டர். பிறகு குனிந்து, "என்னடா தங்கம், பல்ல மேல அனுப்பி வச்சிட்டியா? ஊர் சுத்திப் பார்க்கப் போயிருக்கா?" என்றார். யாழினி ஒரு நொடி அழுகையை நிறுத்தி யோசித்தாள். பிறகு தொடர்ந்தாள்.

இரவெல்லாம் நான் தீர்மானித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "எடுத்துடுங்க டாக்டர். மேல இருக்கிற முளைய அமுக்கிட்டிருந்தா ஆபத்து இல்லையா? சம்மதம் யாரு கொடுக்கணும், என்ன டெஸ்ட் எடுக்கணும், எல்லாம் எனக்குத் தெரியும். இன்னிக்கே முடிச்சிடலாம்."

அவர் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். "பக்கத்துப் பல்லப் பாருங்க. மேல ஏறின பல்லு அதவிடக் குட்டையா தெரியுதா?"

"ஆமா."

"குட்டையா தெரிஞ்சா வேரு உதட்டுப் பக்கம் சாய்ஞ்சிருக்குன்னு அர்த்தம். முளை இருக்கிறது உள்பக்கம். நீளமா தெரிஞ்சிருந்தாதான் அந்தப் பக்கம் போயிருக்கும். எப்படி இருந்தாலும் முதல்ல விட்டுப் பார்க்கிறதுதான் இப்ப முறை. பெரும்பாலும் தானே இறங்கி வந்துடும்."

"அப்ப சிகிச்சை?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா?"

"காத்திருக்கிறதுதான் அங்கிள்."

நான் வேலை பார்த்த இடத்தில் காத்திருக்க வைப்பதுதான் என் தொழில். எனக்கே யாரும் அதை மருந்தாக எழுதிக் கொடுத்ததில்லை. சுகந்திக்கோ உயிர் வந்தது. அவள் மயக்கமருந்தைத்தான் நினைத்து நினைத்து நடுங்கியிருந்தாள். "புவாசா" அட்டையைக் கழற்றினார்கள். யாழினி பால் குடித்த சத்தம் வார்டின் கடைசிக் கட்டில்வரை கேட்டிருக்கும். மருத்துவமனைக் கட்டணத்தைக் கேட்டு பிரகாஷ் திகைத்தான். பூசைச் சாமான்களுக்கு இதைவிட அதிகம் ஆனதாம்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை, ஆனால் தவறக் கூடாது. கொஞ்ச நாளைக்கு மெத்தென்ற சாப்பாடு. சூப்பி ரப்பரை வாயில் வைக்கக் கூடாது. மென்மையான பிரஷ், டாக்டர் கொடுத்த கிருமிநாசினியைப் பஞ்சில் நனைத்து ஈறைத் துடைக்க வேண்டும். வலித்தால் எடைக்கு ஏற்ற அளவில் வலி மருந்து. ஈறு வீங்கினாலோ, பரு போலக் கொப்புளம் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே வர வேண்டும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டின் காலைகள் மாறிப்போயின. பிரகாஷ் மகளோடு சேர்ந்து கஞ்சி குடித்தான். வேலைக்குப் போகும் வழியில் அவன் கடையில் ரொட்டிச் சானாய் சாப்பிட்டானா என்பதை நாங்கள் விசாரிக்கவில்லை. சம்பந்தியம்மா கிள்ளானிலிருந்து தினமும் படம் கேட்டார். சுகந்தி பிள்ளையின் உதட்டைத் தூக்கிப் படம் எடுத்து அனுப்புவாள். "இன்னிக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கு" என்று அவர் குரல் பதிவு வரும். எதுவும் இறங்கியிருக்காது.

என் வேலை கைவிளக்கு அடித்துப் பார்ப்பது. சில நாளில் யாழினி வாயைத் திறக்க மறுத்தாள். "நீ மொதல்ல" என்றாள். நான் திறந்தேன். திறந்தால் போதாது, என் செயற்கைப் பல்வரிசையைக் கழற்றியும் காட்ட வேண்டும். அதைக் கண்ணாடித் தம்ளரில் போட்டதும் அவள் எட்டிப் பார்த்தாள். கையை விட்டு நீரைக் கலக்கிப் பார்த்தாள்.

"யாழி பல்லு?"

"இதுல இல்லடா. உன்னோடது மேல இருக்கு."

"தாத்தா எடுத்துக் குடு."

எடுத்துக் கொடுக்கத்தான் தாத்தா கேட்டேன், டாக்டர் விடவில்லை என்று சொல்ல வந்து அடக்கிக்கொண்டேன்.

சில வாரங்களில் பக்கத்துப் பல் சாம்பல் நிறமாக மாறத் தொடங்கியது. ஃபெடரல் நெடுஞ்சாலையின் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து கிள்ளானுக்கு ஓடினோம். அடிபட்ட பல் நிறம் மாறும், சில சமயம் மறுபடி வெளுக்கவும் செய்யும், வீக்கமோ கொப்புளமோ இல்லாமல் நிறம் மட்டும் மாறினால் அதற்காக எதுவும் செய்ய வேண்டாம் என்றார் டாக்டர் தமயந்தி. மறுபடியும் "ஒண்ணும் இல்ல". அடுத்த பரிசோதனையிலும் மேலே போன பல் அசையவில்லை. எனக்கு நம்பிக்கை தேய்ந்துகொண்டே போனது. தனியார் மருத்துவரிடம் போய் எடுத்துவிடலாமா என்று ஒரு மாலை சுகந்தியிடம் கேட்டேன்.

"அப்பா," என்றாள், "அவ பல்லு வரணும்னு நினைக்கிறீங்களா, இல்ல ஏதாவது செய்யணும்னு நினைக்கிறீங்களா?"

பேப்பரை எடுத்து விரித்துப் படித்தேன். அது நேற்றைய பேப்பர் என்பதைக் கவனிக்கவில்லை.

அதன் பிறகு கைவிளக்கை எடுக்கவில்லை. ஒரு நாள் மதியம் சம்பந்தியம்மா மீன் குழம்பு கொண்டுவந்திருந்தார். யாழினி திடீரென்று சாப்பாட்டைத் துப்பினாள்.

"முள்ளு! முள்ளு குத்துது!"

வீடு அதிர்ந்தது. "நான் முள்ளெல்லாம் பார்த்துப் பார்த்துத்தானே எடுத்தேன்!" என்று சம்பந்தியம்மா தலையில் கைவைத்தார். பிரகாஷ் வெறும் சோற்றை உருட்டி விழுங்க வைக்க ஓடினான். சுகந்தி பிள்ளையின் வாயைத் திறந்து விரலால் தடவினாள். தடவிய விரல் அப்படியே நின்றது.

"அத்த," என்றாள் மெதுவாக, "இது மீன் முள்ளு இல்ல."

ஈறைக் கிழித்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கோடு எட்டிப் பார்த்தது. யாழினியின் நாக்கு எங்கள் எல்லாரையும் முந்திக்கொண்டு அதைக் கண்டுபிடித்திருந்தது. சம்பந்தியம்மா அழுதுகொண்டே அவளை முத்தமிட்டார். இந்தத் தடவை உண்மையிலேயே இறங்கியிருந்தது.

அதன் பிறகு அது தினமும் வளர்ந்தது. பாதி வந்து கொஞ்ச நாள் நின்றது, நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகு முழுசாக இறங்கியது, லேசாகக் கோணி. அந்தக் கோணலோடு அவள் சிரிக்கும்போது வீட்டில் யாருக்கும் எதையும் மறுக்க முடிவதில்லை. அது அவளுக்கும் தெரியும்.

கடைசிப் பரிசோதனைக்கு நான்தான் அழைத்துப் போனேன். டாக்டர் தமயந்தி திருப்தியாகத் தலையசைத்தார்.

"இனி பிரச்சினை இல்லையா?" என்று கேட்டேன்.

"இந்தப் பல்லுக்கு இல்ல. மேல இருக்கிற முளைக்கு அன்னிக்கு என்ன ஆச்சோ, அது இப்பத் தெரியாது அங்கிள். ஒண்ணும் ஆகாமயும் இருக்கும். ஒரு வெள்ளைப் புள்ளியோட வந்தாலும் வரும். ஆறேழு வயசுல நிரந்தரப் பல்லு முளைக்கும்போதுதான் பார்க்க முடியும். அப்பக் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க."

"இவ அம்மா கூட்டிட்டு வருவா."

"நான் உங்களத்தான் சொன்னேன்" என்றார் அவர், கையுறையைக் கழற்றிக்கொண்டே. "இவ வேற யாருகிட்ட அடங்குவா?"

என் வயதில் அடுத்த மாதத்துக் கல்யாண அழைப்புக்கே "பார்க்கலாம்" என்றுதான் சொல்வேன். யாழினி என் விரலைப் பிடித்துக்கொண்டு, கிளம்பும் அவசரத்தில் வாசல் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டிட்டு வரேன் டாக்டர்" என்றேன்.

அன்று மாலை, தினமும் நினைவூட்டும் சுகந்தி வாய் திறப்பதற்கு முன்பே, என் இரத்த அழுத்த மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.